எல்லைக் கருப்பர்

"கடல் எங்கிட்டோ கெடக்கு. கப்பல் வர இன்னும் இருபது வருசம் ஆகுமாம். கல்லு மட்டும் இன்னிக்கே வந்துருச்சு பாத்தியா!"

வயலின் மேற்கு வரப்பில், தலையில் வெள்ளைச் சாயத்தோடு நின்ற சர்வே கல்லைப் பார்த்து மருதுபாண்டி பல்லைக் கடித்தார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக அவர் திருப்பத்தூர் போய்விட்டு வருவதற்குள் யாரோ நட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

நாட்டின் துறைமுகங்களையெல்லாம் பெரிதாக்க நீண்டகாலத் திட்டம் ஒன்று தீட்டியிருந்தார்கள். கிழக்குக் கடற்கரையில் புதுத் துறைமுகம். அங்கே இறங்கும் கன்டெய்னர்களைக் கொண்டுவந்து அடுக்கிவைக்க நாச்சியாபுரத்துப் பொட்டலில் ஒரு யார்டு. கப்பலையே பார்த்திராத ஊருக்கு அப்படியொரு யோகம்.

வயலில் ஒன்றும் பொன் விளைந்துவிடவில்லை. போனால் போகட்டும் என்று விட்டிருப்பார். ஆனால் மேற்கு மூலை வேப்பமரத்தடியில் முத்தரசு கிடந்தான். பைக்கில் போனவன் பிணமாகத் திரும்பிய ஒரே மகன். அவர் மனைவி உமையாள் வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே விளக்கேற்றுவாள். அவன் சமாதியைத் தாண்டி, இரண்டே எட்டில் நின்றது கல். கடல் இருக்கிற கிழக்கிலிருந்துதானே யார்டு வரும், கல் வரைக்கும் வயலும் சமாதியும் போய்விடும் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

"அந்தச் சர்வேயரப் பாத்து ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்" என்றாள் உமையாள்.

"கேட்டா உசாராயிருவாய்ங்க. கவர்மெண்டுகிட்ட எதையும் கேக்கப்படாதுடி."

மறுநாள் உச்சிவெயிலில், ஊரே உண்ட மயக்கத்தில் கிடந்தபோது, கல்லைப் பிடுங்கித் தள்ளுவண்டியில் ஏற்றிக் கிழக்கு வரப்பில் கொண்டுபோய் நட்டார். அதற்கு அப்பால் செந்தாமரையின் நிலம். புருஷன் இல்லாதவள் என்ற நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதை விரட்டிவிட்டார். இடுப்புப் பிடித்துக்கொண்டாலும் மனசு லேசாகிவிட்டது.

சாயங்காலம் ஒரு ட்ரோன் வந்து வயலுக்கு மேலே சுற்றியது. மருதுபாண்டி அதற்குச் சிரித்துக்கொண்டே கை காட்டினார்.

விடிந்ததும் செந்தாமரை வந்து நின்றாள். "அண்ணே, நேத்துவரைக்கும் இங்குட்டு இல்லாத கல்லு எப்பிடி வந்துச்சு?"

மருதுபாண்டி அவசரமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாயில் வந்ததைச் சொன்னார். "கனவுல கருப்பர் வந்தாரு தாயி. எல்லையில நிக்கிறேன்னாரு. அவருதான் போல."

செந்தாமரை கல்லின் வெள்ளைச் சாயத்தைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்கு ஓடி மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து கல்லின் தலையோடு கால் அப்பிவிட்டாள். சாமி நிற்கிற மண்ணில் சர்க்கார் கை வைக்காது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன!

ஊர் திரண்டது. சிவப்புத் துண்டு கட்டினார்கள், பொங்கல் வைத்தார்கள், மேடை போட முடிவானது. கல் இனி ஜென்மத்துக்கும் மேற்கே திரும்பக் கூடாது என்று மருதுபாண்டி முதல் மூட்டை சிமெண்டைத் தானே கொடுத்து, கலவையையும் தானே கொட்டினார்.

"கேட்டுருக்கலாம்ல?" என்றாள் உமையாள்.

"ஒனக்கு வேற வேலையில்ல" என்றார்.

சில மாதங்கள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமைப் பூசையின் நடுவே சர்வேயர் செம்மலை ஜீப்பில் வந்து இறங்கினார்.

"டெல்லி வரைக்கும் போயி உறுதியாயிருச்சு. ட்ரோன் படத்துல கல்லு எங்க நிக்கிதோ அதான் எல்லை. அதுக்கு மேற்கால பூராவும் யார்டு. கெழக்கால ஒரு பிடி மண்ணத் தொட மாட்டாக."

செந்தாமரை அங்கேயே ஒரு தேங்காயைச் சிதற உடைத்தாள்.

மருதுபாண்டி கிழக்கையும் மேற்கையும் மாறி மாறிப் பார்த்தார். வயல் முழுக்க மேற்கே இருந்தது. மகனும் மேற்கே இருந்தான். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு மேடையில் ஏறியவரைப் பூசாரி சொக்கு இழுத்துப் பிடித்தார்.

"சாமியவா பிடுங்கப் போறீக? நீகதானய்யா கனவு கண்டீக!"

"கனவுமில்ல, கருப்பருமில்ல! நாந்தான்..." என்று அவர் கதறியது பறைச் சத்தத்தில் யார் காதிலும் ஏறவில்லை. உமையாள் மட்டும் வேப்பமரத்தடியில், ஏற்றிய விளக்கின் முன்னால் ஒன்றும் அறியாமல் உட்கார்ந்திருந்தாள்.

செம்மலை அந்த விளக்கை வெகுநேரம் பார்த்தார். பிறகு மருதுபாண்டியின் தோளில் கை வைத்தார்.

"மொதல்ல இந்த வயலும் சேந்துதாய்யா போறதா இருந்துச்சு. அன்னிக்கு அந்தச் சமாதியில விளக்கு எரியிறதப் பாத்துட்டு, அதுவாச்சும் தப்பட்டும்னு நானாத்தான் எல்லைக்கோட்டத் தள்ளிப் போட்டு, அதுக்கு அங்குட்டுக் கல்ல நட்டுட்டுப் போனேன். எந்தப் பாவி நகத்துனான்?"