அங்கயற்கண்ணியின் மூக்கு வீக்கம்

ஒரு காட்டில் டாக்டர் பூவராகன் என்ற காட்டுப்பன்றி வைத்தியம் பார்த்துவந்தார். வயிற்றை ஓர் அமுக்கு அமுக்கினால் போதும், முந்தின நாள் என்ன தின்றோம் என்று சொல்லிவிடுவார்.

அவருடைய ஆஸ்பத்திரிக்கு நோய் கண்டுபிடிக்கும் கணினி ஒன்று வந்து சேர்ந்தது. மான்களின் நோய்களை மட்டுமே பார்த்துப் படித்த கணினி. ஆனாலும் கெட்டிக்காரக் கணினி. ஒரு நரி இருமிக்கொண்டு வந்தபோது டாக்டர், "வெறும் சளி" என்றார். கணினி, "நிமோனியா" என்றது. டாக்டர் கேட்கவில்லை. நரி சாகக் கிடந்து பிழைத்தது. டாக்டரின் தைரியம்தான் பிழைக்கவில்லை. அதன்பிறகு கணினி சொன்னதே வைத்தியம்.

அப்போதுதான் யானை அங்கயற்கண்ணி, பலாப்பழத்தைக் கணக்கில்லாமல் தின்றுவிட்டு, வயிற்று வலி தாங்காமல் வந்து நின்றாள். நர்ஸ் பிலோமினா, ஒரு மைனா, கணினியின் கேள்விகளைப் படித்துப் பதிலைத் தட்டினாள்.

"மூக்கு எவ்வளவு நீளம்?"

"தரையைத் தொடும்."

கணினி சிவப்பாக எரிந்து கத்தியது. "கடுமையான மூக்கு வீக்கம். உடனே வெட்டி எடுக்கவும்."

"டாக்டர், இது தும்பிக்கை!" என்று அலறினாள் அங்கயற்கண்ணி.

"தெரியும்மா."

"நான் வயித்து வலின்னு வந்தேன்."

"அதுவும் தெரியும். பலாப்பழம்தானே?"

"அப்ப அதுக்கு மருந்து கொடுங்களேன்!"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "நரி விஷயத்துலயும் தெரியும்னுதான் சொன்னேன். இனிமே என்னை நானே நம்புறதா இல்லைம்மா."

உள்ளே சர்ஜன் நண்டு கொடுக்கைத் தீட்டும் சத்தம் கேட்டது.

அங்கயற்கண்ணி நர்ஸ் பக்கம் குனிந்தாள். "பிலோமினா, மறுபடியும் முதல்லேர்ந்து கேளும்மா."

"மூக்கு?"

"எள்ளுப்பூ மாதிரி."

"உடம்பு?"

"கொடி மாதிரி."

பிலோமினா சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டினாள். கணினி பச்சையாக ஒளிர்ந்தது. "அஜீரணம். சுக்குக் கஷாயம், ஒரு கரண்டி."

"நானும் அதைத்தானே நினைச்சேன்!" என்று துள்ளினார் டாக்டர். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஓர் அண்டா நிறையக் கொடுத்தார்.

சாயங்காலத்துக்குள் வயிறு அடங்கியது. தும்பிக்கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போனாள் அங்கயற்கண்ணி. போகிற வழியெல்லாம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே போனாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற ஆமை, "முதுகு வழுவழுன்னு இருக்கு" என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தது. பின்னால் நின்ற முள்ளம்பன்றி, "பட்டு மாதிரி ரோமம்" என்று சொல்லிப் பார்த்தது. எல்லாருக்கும் சரியான மருந்து கிடைத்தது. தவறே செய்யாத கணினி என்று காடே சேர்ந்து அதற்கு மாலை போட்டது.

நீதி: நோயாளி யாராக இருந்தாலும், கணினிக்கு முன்னால் மானாக இருப்பதே உடம்புக்கு நல்லது.