விரலுக்குள் ஒரு பெரட்டு

மனித உடம்புக்குள்ளே பெரட்டு நடக்கிறது என்று கண்டுபிடித்த ஒரே ஆள், இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயம் கட்டிக்கொண்டிருந்த டிரெஸர்தான். அதனால் அவருக்குப் ‘பெரட்டு டிரெஸர்’ என்றே பெயர்.

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட காலோடு யாராவது வந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

“விடியக்காலம் தப்பு மேளம் அடிச்சா வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்கு ஓடுறீங்கள்ல? காயம் பட்ட எடத்துல ஒரு ரசாயனம் கெளம்பும். அதுதான் அங்க தப்புச் சத்தம். வெள்ளை அணுவெல்லாம் ரத்தக் கொழாயை விட்டு எறங்கி ஓடியாரும்.”

“அதுங்களுக்குக் கங்காணி யாருங்க?”

“கங்காணி இல்லாததாலதான் வேலை ஒழுங்கா நடக்குது!”

ஆஸ்பத்திரியே சிரிக்கும். பக்கத்து அறையில் மருந்து கலக்கும் டிஸ்பென்சரான எனக்கு மட்டும் சிரிப்பு வராது. கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் என்னிடம் இருந்தது. கூட்டம் அவரிடம் இருந்தது. என் மனைவிகூட ரொட்டி சுட்டுக்கொண்டே அவர் புகழ் பாடினாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. பொறாமைதான், வேறென்ன?

ஒருநாள் மருந்துப் போத்தல் உடைந்து என் விரல் கிழிந்தது. வீங்கியது. அவரிடம் போவதா? தோட்டத்துப் பெரிய துரையின் மூட்டு வலிக்கு வந்திருந்த, வீக்கம் அடக்கும் கார்ட்டிசோன் மாத்திரையை எடுத்து விழுங்கினேன். இரண்டே நாளில் வீக்கம் போனது. விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

நான்காம் நாள் குளிர் காய்ச்சல். விரல் கறுத்து நாறியது. மனைவி என்னை அவர் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

“என்னாங்க முழுங்கினீங்க?”

சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

“தப்பு அடிக்கிறவன் கையைக் கட்டிப்புட்டீங்களே ஐயா! ஆளுங்க எப்புடி வருவாங்க? வீக்கம்னா அது அவுங்க வந்து சேந்த கூட்டம்ங்க.”

அவர் வாசலில் கூட்டம் கலையாதா என்று ஏங்கியவன், என் விரலுக்கு வந்த கூட்டத்தைக் கலைத்திருந்தேன்.

மாத்திரையை நிறுத்தி, கீறிக் கழுவி, பெனிசிலின் போட்டு, பத்து நாள் பாடுபட்டு விரலைக் காப்பாற்றினார். துரையின் மாத்திரையை நான் எடுத்த விஷயம் கடைசிவரை அவர் வாயிலிருந்து வெளியே வரவில்லை. அதிலும் எனக்குப் பொறாமை. நானாக இருந்தால் தோட்டம் முழுக்கச் சொல்லியிருப்பேன்.

அவர் இறந்து பல வருஷம் ஆன பிறகும், முள் குத்தி விரல் வீங்கினால், ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். அவர்களோடு அவரும் வந்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது.