முப்பத்தொரு கிலோ பெட்டி

ஊர் எல்லையில் லாரி நிறுக்கும் எடைமேடைக்காரர் தன் வாழ்நாளில் எதற்கும் முதல் தடவையிலேயே சரி என்று சொன்னதில்லை. காபி வேணுமா என்றால் வேணாம் என்பார். "கொஞ்சமா?" என்று இன்னொரு தடவை கேட்டால், "சரி, இவ்வளவு தூரம் சொல்றே" என்று முழு டம்ளரையும் காலி செய்வார். கல்யாணத்துக்கே முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். பெண் வீட்டார் இரண்டாவது தடவை ஆள் அனுப்பிய பிறகுதான் தலையை ஆட்டினார். அவர்கள் மட்டும் கொஞ்சம் ரோஷக்காரர்களாக இருந்திருந்தால் மனுஷன் இன்றைக்கும் தனிக்கட்டைதான்.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் ஒருநாள் மனைவி கேட்டாள்.

"மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. ரெண்டு பேருக்கும் விசா வந்தாச்சு. மூணு மாசம் அவகூட இருந்துட்டு வரலாம். வரீங்களா?"

"நான் எதுக்கு? இங்க வேலை கெடக்கு. நீ போயிட்டு வா."

சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டு காத்திருந்தார். எழுத்து எதுவும் கண்ணில் படவில்லை. காது மட்டும் அவள் பக்கம் இருந்தது.

"சரிங்க," என்று எழுந்து போய்விட்டாள்.

ஒரே ஒரு டிக்கெட் வந்தது. அன்றைக்குப் பிடித்தது அவருக்குச் சனி. இன்றைக்குக் கேட்பாள், நாளைக்குக் கேட்பாள் என்று இரண்டு மாதம் ஓடிப்போனது. ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார்.

"அங்கெல்லாம் குளிர் பின்னி எடுக்குமாமே?"

"ஆமாங்க. ஸ்வெட்டர் வாங்கிட்டேன்."

"அவ்வளவு தூரம் பேச்சுத் துணைகூட இல்லாம..."

"ஜன்னலோர சீட்டுங்க. வேடிக்கை பாத்துக்கிட்டே போயிடுவேன்."

அந்த ஜன்னலோர சீட்டுக்குப் பக்கத்து சீட்டு காலியாகத்தான் இருந்தது. தினமும் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் போனில் விமானத்தின் சீட்டுப் படத்தைத் திறந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. காலியாக இருந்தால் ஒரு பெருமூச்சு விடுவார்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷனுக்கு நிஜமாகவே பயம். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் பூட்டிய வீட்டுக்கு அவர் வந்தது ஒரே ஒரு நாள்தான். அவள் வேலை செய்யும் சலவைக் கடையில் அன்று கூட்டம், வர நேரமாகிவிட்டது. தானே கதவைத் திறந்து, விளக்கைக்கூடப் போடாமல், ஷூவைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் வந்து, "என்னங்க, யாராவது போயிட்டாங்களா?" என்று பதறினாள். அது முக்கால் மணி நேரம். இது மூன்று மாதம்.

எதிர்வீட்டில் ஒரு டிரைவிங் மாஸ்டர். ஊருக்கே பிரேக் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பவர், தன் வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது.

"உங்க வீட்டம்மா வெளிநாடு போறாங்களாமே. நீ?"

"என்னை யாருய்யா கூப்பிட்டா?"

"கூப்பிட்டாங்களாமே. நீதான் வேணாம்னியாம்."

"அது முதல் தடவை. அதெல்லாம் ஒரு பதிலா?"

"அப்ப நீயே போய் நானும் வரேன்னு சொல்லு."

"நானாவா? அப்புறம் எனக்கு என்ன மரியாதை?"

"மரியாதையை வெச்சுக்கிட்டு மூணு மாசம் அதுகூடவே பேசிக்கிட்டு இரு. போகட்டும், பெட்டியைப் பாத்துக் கட்டச் சொல்லு. ஆளுக்கு இருபத்து மூணு கிலோதான். கூடப் போச்சுன்னா ஏர்போர்ட்ல இறக்கி வெச்சுடுவான்."

எடைமேடைக்காரர் அப்படியே நின்றுவிட்டார். ஆளுக்கு இருபத்து மூணு! அப்படியென்றால் பெட்டி முப்பத்தொன்று இருந்தால்? இன்னொரு ஆள் வேண்டும். விசாவோடு கையில் இருக்கும் ஒரே ஆள் யார்? அவளே வந்து, "என்னங்க, நீங்களும் வந்தாத்தான் ஆகும்" என்று கெஞ்சுவாள். ஒரு தடவை பிகு பண்ணிவிட்டு ஒப்புக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு சங்கடம். இருபத்தெட்டு வருஷமாக ஊர் எல்லையில் லாரிகளை நிறுத்துப் போடுகிறார். ஒருநாள்கூடப் பொய் எடை எழுதியதில்லை. மேடை ஓரத்தில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு எடையைக் கூட்டப் பார்க்கும் கிளீனர்களைக் காதைப் பிடித்துக் கீழே இறக்கியவர். வேலியே பயிரை மேய்வதா? இரண்டு நாள் மனசாட்சியோடு மல்லுக்கட்டினார். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், மனைவியின் வரிசையிலேயே வழியோர சீட்டை யாரோ ஒருத்தன் பிடித்திருந்தான். நடுவில் அந்த ஒரு சீட்டுதான் பாக்கி. மனசாட்சியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டிலுக்கு அடியிலிருந்து ஆள் நிறுக்கும் மிஷினை இழுத்துத் துடைத்தார்.

"எடை சமாச்சாரமா? விடு, அது நம்ம டிபார்ட்மென்ட்," என்றார் மனைவியிடம்.

"நானும் தினம் கடையில துணியைக் கிலோ கணக்குலதாங்க வாங்கறேன்."

"அது துணி. நான் பாக்கறது டன். அரைக் கிலோவுக்கும் டன்னுக்கும் வித்தியாசம் இல்ல?"

அவள் பெட்டியைத் தூக்கிவந்து மிஷின்மேல் நிமிர்த்தி வைத்துப் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் முள்ளைப் பார்த்துக் குனிந்தபடி அவர். வலதுகால் கட்டைவிரல் மெல்ல ஊர்ந்து போய் மிஷின் ஓரத்தில் அமர்ந்தது. அழுத்தினார். முள் நகர்ந்தது.

"முப்பத்தொண்ணு!"

"அய்யய்யோ! எட்டு கிலோ கூடவா?"

"ஒரு ஆளால ஆகாதும்மா. ஒரு ஆளால ஆகவே ஆகாது," என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கேள், கேள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அவள் யோசித்தாள். பெட்டியைத் திறந்தாள். இரண்டு ஜோடி ஷூவையும் ஒரு சால்வையையும் எடுத்து வெளியே வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் மறுபடியும் நிறுத்தார்கள். கட்டைவிரல் கூடுதலாக உழைத்தது.

"முப்பத்தொண்ணு."

"எப்படிங்க? நேத்துதானே அவ்வளவு எடுத்தேன்?"

இருபத்தெட்டு வருஷமாக லாரி டிரைவர்கள் தன்னிடம் அவிழ்த்துவிட்ட சாக்குகளை எல்லாம் மனுஷன் மூட்டையாகச் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

"காத்துல ஈரம் இருக்கும்மா. துணி இழுத்துக்கும்."

"ஓகோ."

மூன்றாம் நாள் நான்கு புடவை குறைந்தது. "தரை சமமா இல்ல, அதான் அப்படிக் காட்டுது" என்றார். நான்காம் நாள் அவள் அந்தத் தடித்த ஸ்வெட்டரையே எடுத்து வெளியே வைத்தாள். அங்கே பனி கொட்டுமே, இவளுக்கு மழை பெய்தாலே மூக்கு ஒழுகுமே! அவள் குளிக்கப் போன நேரத்தில் ஸ்வெட்டரை எடுத்துப் பெட்டிக்குள் அடியில் சொருகிவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் அது மறுபடியும் வெளியே கிடந்தது.

"இது எப்படிங்க உள்ள போச்சு?"

"எனக்கென்ன தெரியும்? குளிருக்குப் பயந்து அதுவே போயிருக்கும்."

அன்று அவள் சாப்பிடக் கூப்பிட்டாள். "வேணாம்," என்றார். அவள் இரண்டாவது தடவை கேட்டாள். கேட்கிறாளே! சோற்றுக்குக் கேட்கிறாள், இதற்கு மட்டும் ஏன் கேட்கவில்லை? தட்டில் கை வைத்தபடி அழுகையே வந்துவிட்டது அவருக்கு. காரம் என்று சொல்லித் தண்ணீர் குடித்தார்.

புறப்படும் நாள் வந்தது. காலை பத்து மணி. போனைப் பார்த்தார். அந்தக் கடைசி சீட்டு இன்னும் காலி. டாக்ஸி பதினொன்றுக்கு. இனி ஒரு மணி நேரம்தான்.

"கடைசியா ஒரு தடவை நிறுத்துடலாம்," என்றார்.

அவள் உள்ளே இருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அம்மாடி! இடுப்பு ஒடியுது!" என்று மூச்சு வாங்க மிஷின்மேல் வைத்தாள். அவர் குனிந்தார். கட்டைவிரலை ஊன்றினார். முள் பத்தைக்கூடத் தாண்டவில்லை. பாவம், எவ்வளவு துணியை எடுத்துவிட்டாளோ என்று நினைத்தார். ஐந்து விரலையும் வைத்தார். பதினைந்து. பாதம் மொத்தத்தையும் வைத்து முட்டியைக் கையால் அழுத்தினார். இருபத்திரண்டு. பல்லைக் கடித்தார். தொடை வெடவெடவென்று நடுங்கியது. நெற்றி வியர்வை முள்ளின் கண்ணாடிமேல் சொட்டியது.

"முப்... முப்பத்தொண்ணு!"

"சரியாப் பாத்தீங்களா?"

"என் தொழில் மேல சத்தியமா!"

அவள் ஜிப்பை இழுத்தாள். மூடியைத் திறந்து அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். பெட்டியில் ஒரு கைக்குட்டைகூட இல்லை.

எடைமேடைக்காரர் காலை எடுத்தார். முள் தடாலென்று விழுந்து நான்கில் நின்றது. இருபத்தெட்டு வருஷத்தில் அவர் காதைப் பிடித்து இறக்கிய கிளீனர்கள் அத்தனை பேரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

"துணியெல்லாம் எங்கம்மா?"

"தினம் சாயங்காலம் வெளிய எடுத்து வெச்சேன். அதெல்லாம் எங்க போச்சுன்னு நெனச்சீங்க? காலையில கடைக்குக் கொண்டு போய் அங்க இன்னொரு பெட்டியில அடுக்கிட்டேன். ஸ்வெட்டர், ஷூ, சால்வை, மிச்சத் துணி எல்லாம் அங்கதான். கடைத் தராசுல இருபத்திரண்டு கிலோ அறுநூறு கிராம். போற வழியில டாக்ஸியை நிறுத்தி எடுத்துக்கணும்."

"அப்ப முதல் நாளே..."

"துணியைக் கையில தூக்கினாலே எனக்குத் தெரியாதாங்க? வீட்டுல வெச்சா இன்னும் என்னென்ன பண்ணுவீங்களோன்னுதான் அங்க அடுக்கினேன். நீங்களும் நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காம ஒரு வேலையா இருந்தீங்க. இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவர் காலிப் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். கோபப்படப் பார்த்தார், வரவில்லை. சிரிக்கப் பார்த்தார், அதுவும் வரவில்லை. மிஷின் முள் அவர் உடம்பையும் பெட்டியையும் சேர்த்து என்னவோ காட்டியது. பார்க்கப் பிடிக்கவில்லை.

அவள் புது ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். கீழே டாக்ஸி ஹாரன் அடித்தது. இனிமேல் மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"நான் எதுக்கு இதெல்லாம் பண்ணேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"ஏம்மா, ஒரே ஒரு தடவை... திருப்பி ஒரே ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. பக்கத்தில் வந்து அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கேட்டா வரேன்னு சொல்லிடுவீங்களேங்க. அதான் கேக்கல."