முன்னூறு ஓம் பொண்ணு

விருத்தாசலத்தில் ஜோடி அண்ணன் அளவுக்குப் பொருத்தம் பார்த்த மனிதர் இதுவரை பிறக்கவில்லை. ஜோசியர்கள் எல்லாம் அவருக்கு அடுத்துதான். ஜோசியர் கல்யாணத்துக்கு மட்டும் பார்ப்பார். ஜோடி அண்ணன் இட்லிக்கும் சட்னிக்கும் பார்ப்பார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் இட்லியைப் பார்சல் வாங்கிக்கொண்டு, ரோட்டைக் கடந்து எதிர்க்கடைக்குப் போய் உட்கார்ந்து, "சட்னி மட்டும் ஊத்துங்க" என்பார். அந்தக் கடைக்காரர் முறைத்தால், "கோவப்படாதீங்க. இட்லி அவங்க கை, சட்னி உங்க கை. நீங்க ரெண்டு பேரும் சேந்து கடை போட்டா ஊரே இங்கதான் சாப்புடும்" என்று யோசனை வேறு சொல்வார். அந்த இரண்டு கடைக்காரர்களும் அண்ணன் தம்பிகள், பாகப்பிரிவினையில் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் என்பது ஊருக்கே தெரியும். அன்றோடு இரண்டு கடையிலும் அவருக்கு இலை போடுவது நின்றது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பார்த்த வேலை அப்படி. பீங்கான் பேட்டையில் நான் பில் போட்டுக்கொண்டிருந்த கம்பெனியில் ஃபியூஸ் கட்டை செய்வார்கள். போர்டில் முடுக்குகிற கீழ்க்கட்டை ஒன்று, அதில் செருகுகிற மேல்கட்டை ஒன்று. சூளைக்குள் போகும்போது எல்லாம் ஒரே அளவாகத்தான் போகும். வெந்து வெளியே வரும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சுருங்கியிருக்கும். எந்த மேலுக்கு எந்தக் கீழ் என்று செருகிப் பார்த்து ஜோடி சேர்ப்பதுதான் அண்ணனின் உத்தியோகம். அவருடைய நிஜப் பெயர் சம்பளம் வாங்கும்போது அவருக்கே சட்டென்று ஞாபகம் வராது.

இப்படிப்பட்ட மனிதர் பாட்டுக் கேட்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

முதலில் ஒரு மியூசிக் பிளேயர் வாங்கினார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. கம்பெனியே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. பாக்கிங் பகுதியின் மகாராணியான அஞ்சலை அக்காதான் கேட்டார்: "ஏம்ப்பா, போன்லயே பாட்டு வருதே, இது எதுக்கு தண்டத்துக்கு?"

"போன்ல பாட்டு வருங்க்கா. ஆனா போன் வந்தா பாட்டு போயிடுதே!"

அஞ்சலை அக்கா தலையில் அடித்துக்கொண்டு பாக்கிங் பக்கம் போனார்.

பிளேயரோடு இலவசமாக ஒரு குட்டி ஹெட்போன் வந்திருந்தது. மெல்லிய கம்பி, இரண்டு பக்கமும் பஞ்சு வட்டம். "இது இவனுக்குச் சேராது" என்று அண்ணன் அதை முதல் நாளே ஒதுக்கிவிட்டார். சென்னையில் ஒரு ஹெட்போன் கடைக்காரரைப் போனில் பிடித்து, மாதக்கணக்கில் ஆலோசனை நடத்தி, கடைசியில் ஒரு பெரிய ஹெட்போனை வரவழைத்தார். பெரியது என்றால் சாதாரணப் பெரியது இல்லை. அதை மாட்டிக்கொண்டு அவர் நடந்து வந்தால், காதுக்கு ஒன்றாக மூடிபோட்ட டிபன் பாக்ஸ் தொங்குகிற மாதிரி இருக்கும்.

மாட்டிக் கேட்டார். முகம் தொங்கிப்போனது.

"என்னாச்சுண்ணே?"

"பாட்டு எங்கியோ பக்கத்து ஊர்ல கேக்குதுடா."

விஷயம் இதுதான். அந்த ஹெட்போனின் மின்தடை முந்நூறு ஓம். அதாவது அதை ஆட்டிவைக்க நல்ல சக்தி வேண்டும். குட்டிப் பிளேயருக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. ஆக, நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபையர் வேண்டும். அதுவும் வந்தது, சோப்பு டப்பா அளவில். பிளேயரையும் ஆம்ப்பையும் முதுகோடு முதுகாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, இடுப்பில் செருகி, கழுத்தில் ஹெட்போனைத் தொங்கவிட்டுக்கொண்டு அண்ணன் வெளியே கிளம்பினார்.

வேப்பூர் போகும் பிரைவேட் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். இடுப்பில் மெஷின், அதில் மினுக் மினுக்கென்று பச்சை விளக்கு. செக்கிங் இன்ஸ்பெக்டர்தான் என்று முடிவு கட்டிவிட்டார். "யாரு யாரு டிக்கெட் எடுக்கல, சீக்கிரம் எடுங்க, எடுங்க!" என்று கண்டக்டர் அலற, வழக்கமாக ஓசியில் வரும் ஆட்கள்கூட டிக்கெட் எடுத்தார்கள். ஜோடி அண்ணனிடம் மட்டும் யாரும் காசு கேட்கவில்லை. அவரும் பாட்டு மும்முரத்தில் டிக்கெட் எடுக்க மறந்துவிட்டார்.

இதற்குள் இந்தச் சாமான்களுக்கெல்லாம் அவர் உறவுமுறை வைத்துவிட்டார். பிளேயர் மாப்பிள்ளை. ஹெட்போன் பொண்ணு. ஆம்ப் மாமனார். "மாப்ளைக்கு வசதி பத்தலன்னா மாமனார்தானே குடுக்கணும்?" என்பார். கம்பெனியில் எல்லோருக்கும், போனில் பேசும் சென்னைக் கடைக்காரருக்கும்கூட, இந்த பாஷை பழகிவிட்டது. "என்னண்ணே, மாமனார் சூடா இருக்காரா?" என்று நான் கேட்பேன். "காலையிலருந்து சார்ஜே போடல, அவரு எங்க சூடாவறது" என்று அலுத்துக்கொள்வார். ஆபத்து இந்த பாஷையில்தான் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

இத்தனைக்கும் ஜோடி அண்ணனுக்கு ஜோடி கிடையாது. நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் வீட்டாருக்கு அனுப்புகிற போட்டோவிலும் கழுத்தில் ஹெட்போன் இருக்கும். சிலர் டாக்டர் என்று நினைத்து ஆசையாக வந்து, ஃபியூஸ் கட்டை என்று தெரிந்ததும் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் போய் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார். அப்போது அவரைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு இடம் வந்தது. பெண்ணின் பெயர் தமிழ்ச்செல்வி. அங்கே ஒரு மேட்சிங் சென்டரில் வேலை. புடவையை எடுத்துக்கொண்டு போனால் அதற்குச் சரியான நிறத்தில் ப்ளவுஸ் துணி, லைனிங், ஃபால்ஸ் எல்லாம் எடுத்துக் கொடுக்கிற வேலை. பெண் பார்க்கப் போன இடத்தில் அண்ணன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எப்படிங்க மேட்சு பண்ணுவீங்க?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "கடை லைட்டுல சேந்துட்டா போதாதுங்க. வெயில்ல கொண்டுபோயி பாக்கணும். அங்கியும் சேந்தாத்தான் சேத்தி" என்றிருக்கிறாள்.

மறுநாள் வேலைக்கு வந்த ஜோடி அண்ணன் வேறு ஆள். தானாகச் சிரித்தார். "வெயில்ல பாக்கணுமாம்டா, வெயில்ல!" என்று என்னிடம் மட்டும் பத்து தடவை சொல்லியிருப்பார். அன்று அவர் சேர்த்த கட்டைகளில் ஒன்றுகூட ஒன்றுக்குள் ஒன்று நுழையவில்லை. முதலாளி கத்தினார். அண்ணன் அதற்கும் சிரித்தார். பெண் வீட்டில் சம்மதம் சொல்லி, நிச்சயத்துக்கு நாள் பார்க்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பியவருக்கு, சென்னைக் கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. ஹெட்போன் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அண்ணன் பஸ் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் பேசினார்:

"பொண்ணு பாக்க லட்சணமாத்தாங்க இருக்குது. குறையே சொல்ல முடியாது. ஆனா முன்னூறு ஓமுங்க! மாப்ள தாங்க மாட்டேன்றான்... ஆமாங்க, மாமனார் கையிலதான் எல்லாம் இருக்குது. அவரு குடுத்தாத்தான் ஓடும்... சரிப்பட்டு வரலன்னா பொண்ண திருப்பி அனுப்பிடறேன், வேற பொண்ணு அனுப்புங்க. பெட்டியெல்லாம் அப்படியே பத்திரமா வெச்சிருக்கறேன்... பழைய பொண்ணா? அது வூட்டுலதாங்க கெடக்குது. இருந்துட்டுப் போவட்டும், அவசரத்துக்கு ஆவும்."

பின் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் தமிழ்ச்செல்வியின் தாய்மாமன். பெண் பார்த்த அன்று ஊரில் இல்லாததால் அண்ணனுக்கு அவரைத் தெரியாது. அவருக்கோ, போட்டோவில் பார்த்த ஹெட்போன் கழுத்தை எப்படி மறக்கும்? அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி, தங்கைக்குப் போன் போட்டார்.

பஸ்ஸில் பேசிய பேச்சால் கல்யாணம் நின்றுவிட்டது என்று சேதி வந்தபோது அண்ணன் கையில் ஒரு மேல்கட்டை இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சாயங்காலம் வரை வைத்துக்கொண்டே இருந்தார். பாட்டுக்கூடக் கேட்கவில்லை. அஞ்சலை அக்கா தாங்கமாட்டாமல், "எந்திரிப்பா. அந்த மாப்ள, பொண்ணு, மாமனார் எல்லாத்தையும் மூட்ட கட்டு. நேர்ல போயி பேசிடலாம்" என்று கிளப்பினார். துணைக்கு நானும் போனேன்.

ஸ்ரீமுஷ்ணத்தில் பெண் வீட்டில் இருந்த தாய்மாமன் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"எங்க பொண்ணுக்கு முன்னூறு ஓமம் பண்ணணுமா? அப்படி என்னாங்க தோஷத்த கண்டீங்க?"

"ஓமம் இல்லீங்க, ஓமு" என்றார் அண்ணன்.

"ரெண்டும் ஒண்ணுதான்! ஏற்கனவே வூட்டுல ஒருத்தி வேற இருக்கறாளாமே? பழைய பொண்ணு?"

அண்ணன் பையைத் திறந்து சாமான்களை ஒவ்வொன்றாக டீப்பாய் மேல் வைத்தார். "இதாங்க மாப்ள. இதாங்க முன்னூறு ஓமு பொண்ணு. இவரு மாமனார்." கடைசியாக அந்தக் குட்டி ஹெட்போனை எடுத்து வைத்து, "இதாங்க பழைய பொண்ணு" என்றார்.

தாய்மாமன் அந்தப் பெரிய ஹெட்போனைத் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு, பொய்யா நிஜமா என்று கண்டுபிடிக்கிறவர் போல அதைத் தலையில் மாட்டிக்கொண்டார். அண்ணன் பிளேயரை அழுத்தி, மாமனாரைக் கொஞ்சம் ஏற்றினார்.

மாமாவின் புருவம் உயர்ந்தது. தலை ஆட ஆரம்பித்தது. அப்படியே தங்கையின் பக்கம் சாய்ந்து, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, தெருமுனை வரை கேட்கும்படி கத்தினார்:

"பையன் கொஞ்சம் கழண்ட கேஸுதாம்மா! ஆனா கெட்டவன் இல்ல! எனக்குப் புடிச்சிருக்குது! ஒடனே சொல்லிடாத! கொஞ்ச நேரம் முறுக்கா இரு!"

அஞ்சலை அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் ஃபேனைப் பார்த்தேன். உள் வாசலில் நின்ற தமிழ்ச்செல்வி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முன்னால் வந்து, மாமா தலையில் இருந்ததையும் டீப்பாயில் கிடந்ததையும் பார்த்தாள்.

"ஏங்க, இதுல ஒருத்தர்தான் கேக்க முடியுமா?"

"ஆமாங்க" என்றார் அண்ணன்.

"அப்ப என்னா ஜோடிங்க அது?"

கிண்டலாகக் கேட்கவில்லை. ப்ளவுஸ் துணியைப் புடவை மேல் வைத்துப் பார்க்கிறவள் கேட்பது போலத்தான் கேட்டாள். ஜோடி அண்ணன் டீப்பாயில் கிடந்த சாமான்களையும் மாமாவின் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வருஷம் எதற்கெல்லாமோ பொருத்தம் பார்த்த மனிதருக்கு இந்த ஒரு கேள்வி தோன்றியதே இல்லை. "யோசிச்சு சொல்றேங்க" என்றார்.

பெண் வீட்டில் நின்றுகொண்டு சொல்லக்கூடாத ஒரே வார்த்தை அதுதான். அஞ்சலை அக்கா அவர் இடுப்பில் கிள்ளினார். மாமா ஹெட்போனைக் கழற்றி, "என்னாவாம்? யோசிக்கணுமாமா?" என்று பதறினார். தமிழ்ச்செல்விக்கு மட்டும் புரிந்திருந்தது.

"யோசிச்சுட்டே வாங்க. அவசரமில்ல" என்றாள்.

கல்யாணம் ஸ்ரீமுஷ்ணத்தில் நன்றாக நடந்தது. மாமாதான் முன்னால் நின்று எல்லாம் பார்த்தார். நான் பிறகு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டேன்.

போன மாதம் ஒரு வேலையாக விருத்தாசலம் போனவன் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் அவர்களைப் பார்த்தேன். இரண்டு பேர் சீட். தமிழ்ச்செல்வியின் தலையில் அந்தப் பெரிய ஹெட்போன். அண்ணன் தலையில் பிளேயரோடு வந்த இலவசம். ஒரு ஓட்டையில் இரண்டு வயர் செருகுகிற பின் ஒன்றைப் போட்டு இரண்டையும் மாட்டியிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். அவர் காது இரண்டிலும் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தோளைத் தட்டி, "என்னண்ணே இது, காதுல?" என்று கேட்டேன்.

"பஞ்சுடா!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னார். "அவுங்களுது முன்னூறு ஓமாச்சே. அதுக்குக் கேக்கற அளவு வெச்சா, என்னுதுல காது கிழியுது. அதான் அடச்சுக்கிட்டேன்."

"அப்போ உங்களுக்குப் பாட்டு சரியாவே கேக்காதேண்ணே?"

"அவுங்களுக்கு நல்லாக் கேக்குதுடா!"

தமிழ்ச்செல்வி கண்ணை மூடி ஜன்னலோரம் சாய்ந்திருந்தாள். அவள் தலை அசைகிற அசைவைப் பார்த்துப் பார்த்து, அதே தாளத்துக்கு, காதில் பஞ்சோடு ஜோடி அண்ணனும் தலையாட்டிக்கொண்டு வந்தார். இவ்வளவு ரசித்துப் பாட்டுக் கேட்ட ஒரு மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை.