சரி என்ற ஒரே பொத்தான்

ஊத்துக்குள் இறங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். எனக்கு உயிர் மேல் ஆசை உண்டு. அதில் வெட்கமில்லை. மனைவியிடம் சொல்லத்தான் தைரியமில்லை.

சாயல்குடிப் பக்கம் மூன்றாவது வருடமாக மழை பொய்த்துவிட்டது. ஊர்க் கிணறு உப்புக் கரிக்கிறது. காய்ந்த கண்மாய்க்குள் ஆளுயரத்துக்கு ஊத்துத் தோண்டி, கசிகிற தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் குடம் நிரப்பி, தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளி வரவேண்டும். போன மாதம் ஊத்து மண் சரிந்து, பக்கத்து வீட்டு துர்காதேவியை இடுப்பு வரை மூடிவிட்டது. ஆள் பிழைத்தாள். கால் முறிந்து கிடக்கிறாள்.

அன்றைக்கே என் மனைவி வீரலட்சுமி ஆரம்பித்தாள்.

“இனிமே ஒருநா நீங்க போங்க, ஒருநா நான் போறேன்.”

“நான் உப்பள ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்குறவன் புள்ள!”

“மண்ணு என்ன, உத்தியோகம் பாத்தா சரியுது?”

நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். எக்செலில் தண்ணீர்க் கணக்கு. வீட்டில் செலவாகிற ஒவ்வொரு குடத்தையும் எடுத்தவர் யார் என்று குறிக்கவேண்டும். அதிகம் எடுத்தவர்தான் ஊத்துக்குப் போகவேண்டும் என்பது என் திட்டம். எல்லாவற்றையும் கூட்டிச் சுருக்க ஓர் அட்டவணை. அது வெறும் கட்டங்களுக்கு நடுவே கிடந்தால் என்ன மரியாதை? தட்டினால் தனிப் பெட்டியாகத் திரையில் குதிக்கவேண்டும். பாழாய்ப்போன அட்டவணை பெட்டிக்குள் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. வரிவரியாகப் பிடுங்கிப் பெட்டிக்குள் நட்டேன். நாற்று நட்டிருந்தால்கூட முதுகு இவ்வளவு வலித்திருக்காது.

பெட்டி மூலையில் மூடுவதற்கு இருக்குமே பெருக்கல் குறி, அதை எடுத்துவிட்டேன். அவள் தப்பிக்கக் கூடாது. அடியில் ஒரே பொத்தான்: ‘சரி’.

வீரலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ‘யாருக்கு’ன்னும் ஒரு கட்டம் வைங்க. ஆடு குடிக்கிறதும் என் தலையில விழுந்துரும்ல?”

நியாயமாகப் பட்டது. வைத்தேன். ‘எடுத்தவர்’, ‘யாருக்கு’ என்று எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கப் பெட்டியின் தலையில் ஒரு வசதியும் செய்தேன். கைத்திறமை சும்மா இருக்குமா?

மாதம் முடிந்ததும் துர்காதேவியின் புருஷன் செல்லச்சாமியைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டேன். இப்போது அவர்தான் வண்டி தள்ளுகிறார். உள்ளங்கை கொப்புளித்திருந்தது.

“மச்சான், தண்ணி யாரு அதிகமாச் செலவழிக்கிறாகளோ அவுகதான ஊத்துக்கு வண்டி தள்ளணும்?”

“நியாயந்தான் மாப்ள.”

“ஒனக்குச் சம்மதமா புள்ள?”

“அண்ணன் சாட்சியாச் சம்மதம்.”

தட்டினேன். பெட்டி குதித்தது. உச்சியில் வீரலட்சுமி. அடியில், இருக்கிற இடம் தெரியாமல், காளிதாஸ் என்கிற நான். மனசுக்குள் குலவையே போட்டுவிட்டேன்.

“‘சரி’யத் தட்டு புள்ள.”

“இருங்க.” பெட்டியின் தலையில் இருந்த ‘எடுத்தவர்’ என்பதை ‘யாருக்கு’ என்று மாற்றினாள்.

வரிகள் இடம் மாறின. உச்சியில் காளிதாஸ். அடுத்தது ஆடு. அதற்கும் கீழே வீரலட்சுமி.

“என்னடி இது?”

“உப்புத்தண்ணி ஆகாதுன்னு நீங்க குளிச்சது. ஒங்க வெள்ளச் சட்டைக்கு அலசுனது. ஒங்க பைக்கக் கழுவுனது. எடுத்தது நான், செலவழிச்சது நீங்க.”

செல்லச்சாமி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆட்டுக்கும் கீழதான் இருக்கு மாப்ள தங்கச்சி பேரு,” என்றார். அவர் சிரிக்கவில்லை. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் ஊத்துப் பயம் போகவில்லை.

“வண்டி வாசல்ல நிக்கிது,” என்றாள் வீரலட்சுமி. “நானும் வாரேன். நீங்க எறங்குங்க, மேல நின்னு கயித்தப் புடிச்சுக்கிறேன். ம், தட்டுங்க.”

பெட்டியை மூடப் பார்த்தேன். மூலையில் குறி இல்லை. ‘மாட்டேன்’ என்று ஒரு பொத்தான் வைக்க, அவ்வளவு கைத்திறமையிலும் எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.