விதைநெல்லில் வெந்த மாம்பழக் கேக்

மாமனார் பேசாமல் இருந்தால் நிம்மதி என்று சொல்லும் மாப்பிள்ளைகளை நம்பாதீர்கள். பேசாத மாமனாருக்கு எதிரே உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டுப் பார்க்கட்டும். ரசம்கூடத் தொண்டையில் சிக்கும்.

எங்களுடையது காதல் கல்யாணம். கயல்விழியின் அப்பா திருவிடைமருதூர் பக்கத்தில் விவசாயம் பார்ப்பவர். கல்யாணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், அதோடு சரி. அதன்பிறகு என்னிடம் நேராக ஒரு வார்த்தை கிடையாது. எதிரிலேயே நான் உட்கார்ந்திருப்பேன். "கயலு, அவருக்கு இன்னும் கொஞ்சம் சாதம் வேணுமான்னு கேளு" என்பார். அவள் என் பக்கம் திரும்பி "வேணுமா?" என்பாள். நான் "போதும்" என்பேன். "போதுமாம்ப்பா." (இரண்டு நாட்டுத் தலைவர்களுக்கு நடுவே மொழிபெயர்ப்பாளர் இருப்பாரே, அந்த மாதிரி. என்ன, இங்கே எல்லோரும் பேசியது தமிழ்.)

அவரை எப்படியாவது பேச வைத்துவிடுவது என்று ஒரு சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்குப் போனபோது முடிவு செய்தேன். கொல்லை மாமரம் அந்த வருடம் சீக்கிரமே காய்த்திருந்தது. வைக்கோலில் பழுக்க வைத்த முதல் பழங்கள் வீடு முழுக்க மணத்தன. அந்த மரத்தின் மேல் மாமாவுக்கு அப்படி ஒரு பெருமை. அவர் மரத்துப் பழம், என் கைப்பக்குவம், ஒரு மாம்பழக் கேக். பேசாமல் எங்கே போய்விடுவார்?

சென்னையில் ஓவனில் கேக் செய்து பழகியவன் நான். மாமனார் வீட்டில் ஓவன் இல்லை. அதனாலென்ன, கனமான பாத்திரத்தில் மணலோ உப்போ பரப்பிச் சூடாக்கி, அதன்மேல் கேக் தட்டை வைத்து மூடினால் வெந்துவிடும் என்று வீடியோவில் பார்த்திருந்தேன்.

"உப்பு ரெண்டு கரண்டிதான் இருக்கு தம்பி" என்றார் அத்தை. "மணல் வாசல்ல கொட்டிக் கெடக்கு. ஆனா நாய் படுக்குற எடம், பாத்துக்குங்க." சொல்லிவிட்டு மாமாவோடு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். கயல் குளிக்கப் போயிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது. மணலும் மணி மணியாக இருக்கிறது, நெல்லும் மணி மணியாக இருக்கிறது. தஞ்சாவூர் ஜில்லாவில் நின்றுகொண்டு எதற்கு நாயோடு மல்லுக்கட்ட வேண்டும்? சாமி அறை மூலையில் ஒரு துணிப்பை நிறைய நெல் இருந்தது. நடுநடுவே காய்ந்த நொச்சி இலைகள். குப்பை போலிருக்கிறது, பாவம் அத்தைக்கு வயதாகிறது என்று இலைகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, நெல்லை இட்லிக் குண்டானில் கொட்டி, மேலே மாவு ஊற்றிய கேக் தட்டை வைத்து மூடி, அடுப்பைப் பற்றவைத்தேன்.

முதலில் 'டப்' என்று ஒரே ஒரு சத்தம். பாத்திரம் சூடாகிறது என்று சந்தோஷப்பட்டேன். பிறகு நாலைந்து. அப்புறம் குண்டானுக்குள் சரவெடி. மூடி தானாக மேலே எழும்பியது. அதன் கீழே என் கேக், வெள்ளை வெளேரென்ற பொரியின் மேல் சப்பரத்தில் சாமி மாதிரி உயர்ந்து வந்தது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூடி கீழே விழ, பொரியும் உமியும் அடுப்பங்கரை முழுக்கப் பறந்தன. உமி கருகிய புகையில் அடுப்பைத் தேடி அணைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

ஈரத்தலையோடு ஓடிவந்த கயல், மூலையில் கிடந்த காலிப் பையைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள். "ஐயோ, எங்கப்பா உன்னக் கொல்லப் போறாரு."

அவள் முடிப்பதற்குள் மாமா அடுப்பங்கரை வாசலில் நின்றார். நெற்றியில் விபூதி, கையில் அர்ச்சனைத் தட்டு. பொரியைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இத எங்கேருந்து எடுத்தீங்க?"

கயலைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்! அந்த ஆனந்தத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"என்ன சிரிப்பு? ஒங்களத்தான் கேக்குறேன்."

"சாமி ரூம்ல இருந்துச்சு மாமா."

"அது விதைநெல்லு மாப்ள! தூயமல்லி, அந்தக் காலத்து ரகம். எங்கெங்கயோ அலைஞ்சு வாங்கி, பூச்சி வரக்கூடாதுன்னு நொச்சியெல்லாம் போட்டு வச்சிருந்தேன்."

மாப்ள என்று சொல்லிவிட்டார்! அவமானத்தில் காது சுட்டது. உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதனுக்கு ஒரே நேரத்தில் இரண்டும் வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

விதைநெல் என்றால் என்ன, சாப்பாட்டு நெல் என்றால் என்ன என்று நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். நடுவில் ஒரு பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கோபம் தணிந்ததா, பசியா தெரியவில்லை, இன்னும் ஒரு கைப்பிடி. அத்தை சத்தமில்லாமல் வெல்லத்தை உடைத்து வைத்தார். கேக் மேலே மாவு, கீழே கரி. நடுவில் கிடந்த மாம்பழத் துண்டை மட்டும் நோண்டி எடுத்துச் சாப்பிட்டவர், "பழம் நல்லாருக்கு" என்றார். (அவர் மரத்துப் பழம். எனக்கு அதில் பங்கில்லை.)

தூயமல்லிக்கு அவர் மறுபடி அலைந்தார். இந்த முறை பைக்கில் பின்னால் உட்கார்ந்து நானும் அலைந்தேன். போகவர வாய் மூடவில்லை மனிதர். வாய்க்காலில் தண்ணீர் வராதது முதல் தன் முழங்கால் வலி வரை எல்லாவற்றையும் என்னிடம்தான் சொன்னார். இப்போதெல்லாம் போனில் கயலை நலம் விசாரித்த கையோடு, "மாப்ளைகிட்ட குடு" என்கிறார். ஒவ்வொரு சித்திரைக்கும் நாங்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் தவறாமல் அவரிடமிருந்து ஒரு போன் வரும்.

"வெதநெல்லப் பக்கத்து வீட்ல குடுத்து வச்சாச்சு மாப்ள. நீங்க தாராளமா கெளம்பி வாங்க."