பொத்தானுக்காக ஒரு வீட்டுச் சோதனை

“‘ஊருக்கெல்லாம் பாதுகாப்பு சொல்லிக் கொடுப்பீங்க, தெருவில கிடக்கிற ஒரு வாயில்லா ஜீவனுக்கு மட்டும் நம்ம வீட்டுல இடம் இருக்காது.’ இதானே நீ சொன்னது? ஒரு எழுத்து மாறாம சொல்லிட்டேனா?”

“மாறிடுச்சு. ‘பெரிய பாதுகாப்பு’ன்னு சொன்னேன். ‘பெரிய’வை முழுங்கிட்டீங்க.”

சாப்பாட்டு மேஜையில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. வாதி மனைவி, பிரதிவாதி கணவர். நீதிபதி கிடையாது. இருந்திருந்தாலும் அந்த அம்மாளுக்குப் பயந்து விடுப்பில் போயிருப்பார்.

கணவர் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. சுவரில் தீயணைப்பான் கொஞ்சம் சாய்ந்து தொங்கினால்கூட அன்று அவருக்குச் சோறு இறங்காது. கல்யாண வீட்டுக்குப் போனால் மணமக்களைப் பார்க்குமுன் அவசர வழி எங்கே என்று பார்ப்பார். தெருவே அவரை ‘அதிகாரி’ என்றுதான் கூப்பிடும். வீட்டு வாசற்படியைத் தாண்டினால் அந்தப் பதவி செல்லாது.

வழக்குக்குக் காரணம் பொத்தான். தெருமுனைத் தையற்காரர் வளர்த்த நாய். தையற்காரர் போன மாதம் காலமாகிவிட்டார். கடையைப் பூட்டிவிட்டார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் பொத்தான் படுத்துக் கிடந்தது. யார் காலடி கேட்டாலும் தலையைத் தூக்கும். அவர் இல்லை என்று தெரிந்ததும் மெதுவாகத் தலையைக் கீழே வைத்துக்கொள்ளும். குரைக்காது, முனகாது. அது அழுது தொலைத்திருந்தால்கூடத் தேவலை. தலையைத் தூக்குவதையும் வைப்பதையும் பார்க்க முடியாமல் மனைவி கடைக்குச் சுற்றுவழியில் போய்வர ஆரம்பித்திருந்தாள்.

குட்டி என்றால் எடுக்க ஆள் உண்டு. பாதிப் பல் கொட்டி, ஒரு கண்ணில் புரை விழுந்து, இதயத்துக்கு மாத்திரை தின்கிற கிழட்டு நாயை எவர் எடுப்பார்? அந்தப் பகுதியின் விலங்கு நலக் குழு நூலகக் கூடத்தில் தத்துக் கொடுக்கும் நாள் ஒன்று நடத்தியது. குட்டிகள் எல்லாம் மத்தியானத்துக்குள் போய்விட்டன. பொத்தானைப் பார்த்தவர்கள் “ஐயோ பாவம்” என்றார்கள். சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். இரக்கப்பட்டே நகர்ந்துவிடுவதில் மனிதர்களை மிஞ்ச ஆளில்லை.

கடைக்கு ஞாயிற்றுக்கிழமை புது ஆள் வருகிறார். அதற்குள் யாரும் எடுக்காவிட்டால் பொத்தானை ஊருக்கு வெளியே உள்ள காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இடநெருக்கடி, ஓயாத குரைப்பு, சாப்பாட்டுக்கு அடிதடி. “அந்த இதயம் அதைத் தாங்காதும்மா” என்று குழுவின் கால்நடை மருத்துவரம்மா மனைவியிடம் சொல்லியிருந்தார்.

“நம்ம வீட்டுல மட்டும் தாங்குமா?” என்றார் கணவர்.

“தாங்குற வரைக்கும் தாங்கட்டும்.”

“அதுக்கப்புறம்?”

அவர் எதைக் கேட்கிறார் என்று மனைவிக்குத் தெரியும். முன்பு இந்த வீட்டில் செம்பட்டை நிறத்தில் ஒரு நாய் இருந்தது. அவர் மடியில்தான் அதற்கு உயிர் போயிற்று. அதன்பிறகு மனிதர் பல நாள் வேலை முடிந்து வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார், உள்ளேயிருந்து ஓடி வர யாருமில்லை என்பதால். கேட்டால் “காத்து வாங்குறேன்” என்பார். காற்றில்லாத நாட்களிலும் வாங்கினார்.

ஆண்கள் அழமாட்டார்கள். சட்டம் போடுவார்கள். “இனிமே இந்த வீட்டுல நாய் கிடையாது” என்பது அவர் போட்ட சட்டம்.

வெள்ளிக்கிழமை காலை அந்தச் சட்டத்தை அவரே தளர்த்தினார்.

“சரி, குழுவுல சொல்லிடு. நாம எடுத்துக்கிறோம்.”

மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். “நிஜமாவா?”

“நிஜமாத்தான். ஆனா அவங்க வீட்டை வந்து பார்ப்பாங்களே? வீடு நாய்க்குப் பாதுகாப்பா இருந்தாத்தானே குடுப்பாங்க?”

“ஆமா. நாளைக்குக் காலையில டாக்டரம்மாவே வர்றாங்க.”

“வரட்டும். அவங்க என்ன சொல்றாங்களோ அதுக்கு நான் கட்டுப்படுறேன்.”

அவர் குரலில் அப்படி ஒரு பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையைக் கேட்டதுமே மனைவி கீழே வைத்த கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு, கணவர் எப்போது நல்லவராகிறார் என்பதைவிட ஏன் ஆகிறார் என்பதுதான் கேள்வி.

ஏன் என்பது சனிக்கிழமை காலை தெரிந்தது. பிழைப்பே பிறர் இடத்தில் குற்றம் கண்டுபிடிப்பதாக இருக்கிற ஒருவருக்கு, சொந்த வீட்டில் குற்றம் உண்டாக்குவது எவ்வளவு நேர வேலை? பால்கனிக் கம்பிகளுக்குக் கீழே கட்டியிருந்த வலையைக் கழற்றிச் சுருட்டி வைத்தார். எலி மருந்தைப் பரணிலிருந்து இறக்கிக் கீழ்த்தட்டில் வைத்தார். கைப்பேசி மின்கம்பியைத் தரையோடு இழுத்துவிட்டார். கூடத்து மிதியடிகளை எடுத்து ஒளித்தார். வழுவழுவென்ற தரை முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. கடைசியாகச் சாக்லேட் ஒன்றைப் பிரித்துத் தாழ்ந்த மேஜை மேல் வைத்தார். நாய்க்கு அது விஷம் என்று அவருக்குத் தெரியும்.

மனைவி அத்தனையையும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு டம்ளர் இடம் மாறினால் தெருவுக்குக் கேட்கும்படி விசாரிக்கிறவள், பேசாமல் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அந்த அமைதியில் அவர் பயந்திருக்க வேண்டும். வெற்றி பெறப்போகிற ஆண்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை.

மருத்துவரம்மா வந்தார். தோளில் பை, உடையெல்லாம் நாய் முடி.

“வாங்க டாக்டர். வீட்டைப் பத்தி இவரைக் கேளுங்க, இவருக்குத்தான் எல்லாம் தெரியும். நான் டீ போடுறேன்” என்று மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள்.

மருத்துவரம்மா பால்கனிக்குப் போனார். வெளியே எட்டிப் பார்த்தார். “நல்ல காத்து. சரி.”

சரியா? அதிகாரி கம்பிக்குக் கீழே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

மருத்துவரம்மா கூடத்துக்கு வந்தார். “விசாலமா இருக்கு. சரி.” கீழ்த்தட்டை ஒட்டியே நடந்தார். மின்கம்பியைத் தாண்டிப் போனார். “சுத்தமா வெச்சிருக்கீங்க. சரி.”

அதிகாரிக்குப் பொறுக்கவில்லை. நாய் வருகிறதே என்ற கவலை அல்ல, ஒரு சோதனை இப்படியா நடக்கும் என்ற ஆத்திரம்.

“என்னங்க டாக்டர், எல்லாத்துக்கும் சரி சரின்னுட்டுப் போறீங்க? பால்கனியில வலை இல்லை, அது கண்ணுல படலையா?”

“கம்பி இருக்கே?”

“கம்பிக்குக் கீழ இவ்வளவு சந்து இருக்குங்க! புரை விழுந்த நாய் அது. அந்தப் பக்கம் தெரியாது. நேரா கீழதான்.”

“அப்படியா? என்ன செய்யலாம்?”

“என்ன செய்யலாமா? இதோ!” என்று ஓடிப்போய் வலையை எடுத்து வந்தார். முட்டி போட்டு ஒவ்வொரு கம்பியாக முடிச்சுப் போட்டார். மருத்துவரம்மா நூலைப் பிடித்துக்கொண்டார்.

“இந்த மருந்து இங்கயா இருக்கணும்?” எலி மருந்து பரணுக்குப் போயிற்று. “இதைக் கடிச்சா என்ன ஆகும்?” மின்கம்பி சுவரோடு ஒட்டப்பட்டது. “யாராவது சாக்லேட்டை இப்படி வைப்பாங்களா?” என்று யாரோ வைத்ததுபோலத் திட்டி, அதை வாயில் போட்டுக்கொண்டார். மிதியடிகள் வந்தன. வாசலிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வைக்கப்போகும் மூலை வரைக்கும் ஒரு பாதையாக விரித்தார்.

“இது எதுக்கு சார்?”

“பின்னங்கால்ல பலம் இருக்காதுல்ல. வழுவழுன்னு இருந்தா எழுந்திரிக்கப் பயப்படும். வழுக்கி விழுறது அதுக்கு வலிக்காது டாக்டர், வெட்கமா இருக்கும். நம்ம முகத்தைப் பார்க்காது. அப்புறம் சாமான் எதையும் இடம் மாத்தக் கூடாது. கண்ணு தெரியாததுக்கு வீடே மனப்பாடந்தான். மாடிப்படியில தூக்கிக்கிட்டுத்தான் போகணும். தூக்கும்போது நெஞ்சை அமுக்காம, இப்படி, அடியில கை குடுத்து…”

வெறுங்கைகளை ஏந்தியபடி நின்றுவிட்டார்.

“இதெல்லாம் எப்படித் தெரியும் சார்?” மருத்துவரம்மாவின் குரல் தணிந்திருந்தது.

“முன்னாடி ஒண்ணு இருந்துது.”

“என்ன ஆச்சு?”

“வயசாச்சு.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவர் கைகளை இறக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் தன் திட்டம் நினைவு வந்தது. “ஆக, டாக்டர், இவ்வளவு ஆபத்து இருக்கிற வீடு. நீங்க குடுக்க முடியாது. எனக்கு வருத்தந்தான்.”

“எந்த ஆபத்து?”

அவர் திரும்பிப் பார்த்தார். வலை இருந்தது. மின்கம்பி சுவரோடு ஒட்டியிருந்தது. மிதியடி விரிந்திருந்தது. சாக்லேட் அவர் வயிற்றில் இருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை குற்றமே இல்லை.

“இவ்வளவு பொருத்தமான வீடு எனக்கு இதுவரைக்கும் அமைஞ்சதில்லை சார். சாயங்காலமே கொண்டுவந்து விடுறேன். இன்னொண்ணு, எங்க குழுவுக்கு வீட்டுச் சோதனைக்கு ஆள் இல்லை. இனிமே ஞாயிற்றுக்கிழமையில நீங்க கூட வரணும்.”

“நீங்களே பார்க்கலாமே? நீங்கதான் எதையுமே…” அவருக்குச் சந்தேகம் தட்டியது. “ஏன் டாக்டர், நிஜமாவே எதையும் கவனிக்கலையா?”

மருத்துவரம்மா பையை மாட்டிக்கொண்டார். “உள்ள நுழையும்போதே எல்லாத்தையும் பார்த்துட்டேன். ‘எதைப் பார்த்தாலும் பார்க்காத மாதிரி நடங்க, மத்ததை அவர் பார்த்துப்பாரு’ன்னு உங்க வீட்டம்மாதான் காலையில போன் பண்ணினாங்க.”

மனைவி டீயோடு வந்தாள்.

“நீயா?”

“நான் எதையும் தொடலையே? எல்லாம் நீங்களே கழட்டினீங்க, நீங்களே மாட்டினீங்க. டீ ஆறுது.”

பொத்தான் வந்து சேர்ந்தது. வாசலில் தயங்கியது. பிறகு மிதியடி மிதியடியாக அடிவைத்து வந்து, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. மனைவி கொடுத்தால் மாத்திரையைத் துப்பிவிடும், அவர் கொடுத்தால் விழுங்கும். “உங்க கையிலதான் ராசி” என்று அந்த வேலையும் அவர் தலையில் விழுந்தது. அவள் ரொட்டியில் வைத்துக் கொடுத்திருந்தால் விழுங்கியிருக்கும். அவள் வைக்கவில்லை.

ஒரு மத்தியானம் அவர் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். சமையலறையில் குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பொத்தானின் விலாவில் கைவைத்தார். உள்ளே அந்தப் பழைய இதயம் தடுமாறித் தடுமாறி அடித்தது.

“அவசரம் ஒண்ணும் இல்லையே உனக்கு?” என்றார். “இன்னும் கொஞ்ச நாள் இரேன்.”

பொத்தான் கண் திறக்காமலே வாலை ஒருமுறை அசைத்தது. குழாய்ச் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

“நான் இப்படிக் கேட்டேன்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாதே, என்ன?”